பேர் கொடுத்தவர்களுக்கு மட்டும்

ஜூன் 3

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று நீ பேசிய லட்சணத்துக்குப் பிறகு இனி உன்னோடு ஃபோனில் பேசுவதாகவும் இல்லை. ஒரு கேள்வி கேட்டால் இருமுகிறாய். இன்னொரு கேள்வி கேட்டால் "லைன் கட்டாவுதுக்கா" என்று வைத்துவிடுகிறாய். இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் சரிபார்க்கிறவன் நீ. "எழுத்துல இல்லாதது நடக்கவே இல்ல" என்று சொல்லி எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறாய்! அதனால் எழுத்திலேயே கேட்கிறேன். எழுத்திலேயே பதில் சொல்.

என் பாயிண்ட் எங்கே?

மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். சிட்டு வெளிநாடு போய் ஆறு மாதம் ஆனபோது, பெற்ற மகளைப் போய்ப் பார்க்கணும், டிக்கெட் விலையைக் கேட்டாலே மயக்கம் வருகிறது என்று உன்னிடம்தான் அழுதேன். "அக்கா, எப்படியும் செலவு பண்ணத்தான போற, கார்டுல தேச்சா பாயிண்ட் சேரும், அந்தச் செலவையே டிக்கெட்டா மாத்திடலாம்" என்றாய். சலவைக் கடைக்காரிக்கு எந்த பேங்க்கும் கார்டு தராது என்பதால் உன் கார்டுகளிலேயே எனக்கு ஒவ்வொரு கிளைக் கார்டு வாங்கிக் கொடுத்தாய். மளிகைக்கு நீலம், பெட்ரோலுக்குச் சாம்பல், மற்றதெல்லாம் கறுப்பு. நான் மறந்துவிடுவேன் என்று மேலே ஸ்டிக்கர் வேறு ஒட்டினாய். ஒரு தடவை பெட்ரோலுக்கு நீலத்தைக் கொடுத்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் உன் ஃபோன்: "ஏங்க்கா நீலத்தத் தேச்ச?" நான் எங்கே தேய்த்தாலும் உன் பாக்கெட்டில் மணி அடிக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

சோப்புத்தூள், ஹேங்கர், பாலித்தீன் உறை, கரண்ட் பில், பல்வலிக்குப் போன டாக்டர் உட்பட எல்லாவற்றையும் கார்டில்தான் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் கெடுவுக்கு முன்னால் பணத்தை உனக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு வருஷம். போன மாதம் ஒன்றாம் தேதி பார்த்தபோது விமானக் கம்பெனிக் கணக்கில் அறுபத்தோராயிரம் பாயிண்ட் இருந்தது. இந்த ஒன்றாம் தேதி ஒன்பதாயிரம் இருக்கிறது. என் பெயரில் இருக்கிற கணக்கு. கடவுச்சொல் என் பிரஸ் மெஷினின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது. அது தெரிந்தவர்கள் மெஷின் தவிர நானும் நீயும்தான்.

அக்கா


ஜூன் 9

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

பாயிண்ட் தொலையவில்லை. விமானக் கம்பெனி அடுத்த மாதத்திலிருந்து பாயிண்ட்டின் மதிப்பைக் குறைக்கப் போவதாக ஒரு பேச்சு அடிபட்டது. அறுபதாயிரத்தில் கிடைக்கிற டிக்கெட்டுக்கு எண்பதாயிரம் கேட்பார்கள். அதனால் பெரும்பகுதியை ஒரு ஹோட்டல் கம்பெனியின் கணக்குக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அங்கே பத்திரமாக இருக்கும். இதெல்லாம் சட்டென்று எடுக்க வேண்டிய முடிவு, உன்னிடம் கேட்க நேரம் இல்லை.

இன்னொன்று. கறுப்புக் கார்டுக்கு வருஷக் கட்டணம் கூடிவிட்டது. புதிதாக ஒரு பச்சைக் கார்டு வந்திருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் அவர்கள் சொல்கிற அளவு செலவு செய்தால் வரவேற்புப் பாயிண்ட்டாக மட்டும் முப்பதாயிரம் தருகிறார்கள். கடைக்கு இன்னொரு டிரையர் வாங்கணும் என்றாயே, அதை இதில் வாங்கினால் விட்டதை மூன்று மாதத்தில் பிடித்துவிடலாம். விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். குறுக்குக் கோடு போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு.

இருமல் உண்மையிலேயே இருந்தது.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

"விட்டதைப் பிடித்துவிடலாம்" என்று எழுதியிருக்கிறாய். பத்திரமாக இருப்பதை யாராவது விட்டது என்று சொல்வார்களா?

என் கடைக்கு வாரம் ஒருமுறை சாம்பல் நிறக் கோட்டு இரண்டு கொண்டுவந்து போடுகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். பேங்க்கில் கார்டுப் பிரிவிலேயே வேலை. காலர் கறையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "பேங்க்ல இருக்கற பாயிண்ட்ட ஏர்லைன்சுக்கு மாத்தலாம், ஹோட்டலுக்கு மாத்தலாம். ஆனா ஏர்லைன்சுக்குப் போனது போனதுதாம்மா. அங்கேர்ந்து எங்கயும் திரும்பாது. டிக்கெட்டாத்தான் வெளிய வரும்."

டிக்கெட்டாகத்தான் வெளியே வரும். இந்த ஒரு வரியை நான்கு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

முப்பது வருஷமாக ஊரார் துணியைத் துவைக்கிறவள் நான். சட்டையின் எந்தப் பக்கம் கறை இருக்கிறது என்பதை வைத்து அவன் வலது கையால் குடித்தானா, பக்கத்தில் இருந்தவள் ஊட்டினாளா என்று சொல்லிவிடுவேன். பாக்கெட்டில் மறந்துவிட்ட சீட்டைப் பார்த்துவிட்டு எத்தனை குடும்ப ரகசியத்தைச் சீட்டோடு மடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நீ என்னிடம் பொய் சொல்லலாமா? பொய் சொல்வதைக்கூட மன்னிப்பேன். இரண்டு வருஷம் எனக்குப் பாயிண்ட் பாடம் நடத்திவிட்டு, அந்தப் பாடத்திலேயே பொய் சொல்கிறாயே, அதுதான் கேவலமாக இருக்கிறது.

யாருக்கு டிக்கெட் எடுத்தாய்?

பச்சைக் கார்டு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். குறுக்குக் கோடு முழுப் பக்கத்துக்கும் போட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சிட்டு பேசினாள். இப்போதெல்லாம் முகம் காட்டுவதில்லை. நெட் சரியில்லையாம். நான் வரப்போவதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. திடீரென்று போய் நிற்கணும் என்று ஆசை. இப்போது எந்த முகத்தோடு போய் நிற்பது?

அக்கா


ஜூன் 19

அக்காவுக்கு,

டிக்கெட்தான் எடுத்தேன். பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு.

கஷ்டத்தில் இருந்த ஒருத்தருக்காக எடுத்தேன். உடனே கிளம்ப வேண்டிய நிலைமை. அந்த வாரம் பணம் கொடுத்து வாங்கினால் என் மூன்று மாதச் சம்பளம். பாயிண்ட்டில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. நான் யோசிக்கவில்லை. திருப்பிச் சேர்த்துவிடுவேன், நம்பு.

யார் என்று மட்டும் கேட்காதே.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

நம்பு என்கிறாய். கேட்காதே என்கிறாய். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதுகிறாய். உன் ஆபீசுக்கு எவனாவது இப்படி ஒரு கிளெய்ம் எழுதிக்கொண்டு வந்தால் நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்.

"ஒருத்தருக்காக" என்று எழுதியிருக்கிறாய். ஆண் என்றால் நண்பன் என்று எழுதியிருப்பாய். பெண் என்று எழுதக் கை கூசியிருக்கிறது. அதனால்தான் மரியாதையாக "ஒருத்தர்". சரியா?

விமானக் கம்பெனிக்கு நானே ஃபோன் போட்டேன். அரை மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்தாள். என் கணக்கு, என் பெயர், என் பிறந்த தேதி எல்லாம் சொன்னேன். டிக்கெட் யார் பெயரில் போனது என்று கேட்டதும், "பதிவு பண்ணின மொபைலுக்கு ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுங்க மேடம்" என்றாள். பதிவு செய்த மொபைல் உன்னுடையது! என் வீட்டுச் சாவியை நீ வைத்திருக்கிறாய், என் வீட்டில் என்ன திருட்டுப்போனது என்று தெரிந்துகொள்ள நான் உன்னிடம் அனுமதி கேட்கணும். எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாய்.

உன் வீட்டுக்காரிக்கு இது தெரியுமா? அவள் எனக்குக் கூடப் பிறக்காத தங்கை. அவளுக்குத் துரோகம் என்றால் முதல் எதிரி நான்தான்.

கார்டு ஸ்டேட்மெண்ட் முழுவதையும் அனுப்பு. ஒவ்வொரு மாதமும் என் செலவுப் பக்கத்தை மட்டும் கிழித்து அனுப்புவாயே, அப்படி இல்லை. இரண்டு வருஷத்தில் என் பாயிண்ட் ஒவ்வொன்றும் எங்கே வந்தது, எங்கே போனது என்று தெரியணும்.

அக்கா


ஜூன் 30

அக்காவுக்கு,

பெண்தான். உன்னிடம் மறைக்க முடியாது.

வீட்டில் இவளுக்கு எல்லாம் தெரியும். நீ நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. ஸ்டேட்மெண்ட் நகல்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். உன் கார்டுகளில் சேர்ந்த பாயிண்ட் ஒன்றுகூட என் செலவுக்குப் போகவில்லை என்பது அதிலேயே தெரியும். அந்த ஒரு டிக்கெட் தவிர.

அக்கா, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நான் செய்தது உனக்கே பிறகு சரியென்று தோன்றும் என்று சொன்னால், அதுவரை பொறுப்பாயா? சிலதைக் கேட்காமல் விட்டால் தானாக வரும். கேட்கக் கேட்கத்தான் உள்ளே போகும். உன்னோடு வளர்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். பிரஸ் மெஷின் பக்கம் நிற்கும்போது காலுக்குக் கீழே ரப்பர் விரிப்பைப் போட்டுக்கொள்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

ஆபீஸ் பழக்கத்தில் காகிதத்தை மிச்சம் பிடித்து இரண்டு பக்கமும் நகல் எடுத்திருக்கிறாய். முன்பக்கம் என் கார்டு. பின்பக்கம் உன் கார்டு. அதை நீ திருப்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மே 12: மெத்தைக் கடை. ஒற்றை மெத்தை ஒன்று.
மே 15: பெண்கள் உடைக் கடை.
மே 19: ஸ்கேன் சென்டர்.
மே 19, அதே நாள், ஸ்கேன் சென்டருக்குப் பக்கத்து மருந்துக்கடை.
மே 29: மறுபடி பெண்கள் உடைக் கடை. இந்தத் தடவை செலவு கூட. இரண்டே வாரத்தில் ஒரு பெண்ணுக்குப் பழைய அளவு பற்றாமல் போனால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது.

உனக்கு வயது நாற்பத்து நான்கு. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். குழந்தை இல்லை என்று நீயும் அவளும் ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. ஒவ்வொரு தடவையும் நான் கூட வந்திருக்கிறேன். கடைசித் தடவை ரிசல்ட் வந்த அன்று உன் வீட்டுக்காரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் அண்ணி, இனி வேணாம்" என்றாளே, அந்தக் கையின் சூடு எனக்கு இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்டவளை வீட்டில் வைத்துக்கொண்டு இன்னொருத்தியை வரவழைத்து, மெத்தை வாங்கிப் போட்டு, ஸ்கேன் எடுத்து, அதற்கு டிக்கெட் என் பாயிண்ட்டில்! நான் இரண்டு வருஷம் சோப்புத்தூள் வாங்கிச் சேர்த்தது இதற்கா?

"வீட்டில் இவளுக்கு எல்லாம் தெரியும்" என்று எழுதியிருக்கிறாய். தெரிந்தும் சும்மா இருக்கிறாள் என்றால் அவளை எந்த அளவுக்கு அழ வைத்திருப்பாய்!

புதன்கிழமை வரை பார்ப்பேன். அதற்குள் உண்மையை எழுதவில்லை என்றால் அவளுக்கே நேராக ஃபோன் போடுவேன்.

அக்கா


ஜூலை 8

அக்கா,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைக்கும். தயவுசெய்து வீட்டுக்கு ஃபோன் பண்ணாதே. யார் எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

அந்தக் குழந்தைக்கு நான் அப்பா இல்லை. எந்தச் சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். அதற்குக் காரணமானவன் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு நம்பரையும் மாற்றிவிட்டான். அந்தப் பெண் வேலையையும் விட்டுவிட்டு, கடைசி மாதச் சம்பளத்தையும் கையில் வாங்க முடியாமல், வாடகை அறையைக் காலி செய்ய வேண்டிய நாளில் எனக்கு ஃபோன் செய்தாள். விமான நிலையத்துக்கு நானும் இவளும்தான் போனோம். பெட்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, இவள்தான் முதலில் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். மெத்தை வாங்கியது இவள். உடை வாங்கியது இவள். ஸ்கேன் சென்டரில் உள்ளே போனதும் இவள். நான் வெளியே உட்கார்ந்து கார்டைத் தேய்த்ததோடு சரி.

இதற்கு மேல் என்னிடம் கேட்காதே. "சொன்னீங்கன்னா நான் இங்கேயும் இருக்க மாட்டேன்" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்கிறவள். ஏழாவது மாதத்தில் அவள் எங்கே போவாள்?

நான் யாரையும் ஏமாற்றவில்லை அக்கா. இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறேன். அவ்வளவுதான்.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

இரண்டு வாரமாக எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எழுதி முடிக்கிறவரை நடுவில் நிறுத்தாமல் படி.

உன் கூரியர் வந்த அன்று நான் நம்பவில்லை. கதை நன்றாகக் கட்டியிருக்கிறாய் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சாம்பல் கோட்டம்மா வந்தாள். "உங்க பாயிண்ட் விஷயம் என்னாச்சு?" என்று அவளாகவே கேட்டாள். யாரோ ஒரு பொம்பளைக்கு டிக்கெட் போட்டுவிட்டான் என் தம்பி என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அப்படி யாருக்கு வேணும்னாலும் போட முடியாதும்மா. அந்தக் கம்பெனில கணக்குக்காரங்களுக்குப் போடலாம், இல்லன்னா அவங்க முன்னாடியே பேர் கொடுத்து வெச்சவங்களுக்கு மட்டும் போடலாம். திருட்டு நடக்கக் கூடாதுன்னு அந்த ஏற்பாடு. நீங்க யார் பேரக் கொடுத்தீங்க?"

கணக்குத் தொடங்கிய அன்று என் கடை மேஜையில் உட்கார்ந்து நீ என்னைக் கேட்டாய். நான் இரண்டே இரண்டு பேரைத்தான் சொன்னேன். நீ ஒன்று.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு போன பிறகும் நான் கல்லாவில் கையை வைத்தபடி நின்றிருக்கிறேன். அடுத்து வந்தவர், "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டபிறகுதான் தெரிந்தது.

அப்புறம் எல்லாம் தானாக வந்து விழுந்தது. மே மாதத்திலிருந்து சிட்டு முகம் காட்டாதது. அங்கே விடியற்காலை மூன்று மணியாக இருக்க வேண்டிய நேரத்தில் தூக்கக் கலக்கமே இல்லாத குரலில் பேசியது. போன மாதம் அவள் பேசும்போது பின்னால் ஒரு லிஃப்ட் கதவு "தயவுசெய்து கதவை மூடவும்" என்று தமிழில் சொன்னது. அங்கேயும் நம் ஆட்கள் நிறைய இருக்கிறார்கள் போல என்று சந்தோஷப்பட்டேன், தம்பி. நாலு ஊர்க் கறையைக் கண்டுபிடிக்கிறவள், என் கண்ணில் இருந்ததைப் பார்க்கவில்லை.

போன புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஆறு மணி நேரம் பஸ்ஸில் உன் ஊருக்கு வந்தேன். நீ ஆபீஸில் இருந்திருப்பாய். உன் வீட்டுக்கு எதிரில் மருந்துக்கடை இருக்கிறதே, அதன் நிழலில் நின்றேன். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. படியேறிக் கதவைத் தட்டி, நாலு அறை விட்டு, அழுது, இழுத்துக்கொண்டு போவதுதான் திட்டம்.

மாடி வராந்தாவில் அவள் வந்தாள். விரிப்பு ஒன்றை உதறினாள். இரண்டு தடவை உதறிவிட்டு, மூலைக்கு மூலை சேர்த்து, முழங்கையில் போட்டு நீவினாள். நான் எப்படிச் செய்வேனோ அப்படியே. வயிறு நன்றாகத் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உன் வீட்டுக்காரி உள்ளேயிருந்து வந்து விரிப்பைப் பிடுங்கிக்கொண்டு ஏதோ திட்டினாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். சிட்டு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். எனக்கு முதலில் வந்தது பொறாமை. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஏன் என்னிடம் வரவில்லை என்று மருந்துக்கடைச் சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன். பதில் எனக்கே தெரியும். உனக்கும் தெரியும், நாகரிகமாக நீ எழுதவில்லை. அவள் உள்ளூரில் வேலைக்குப் போன காலத்தில் அவள் கோட்டுப் பாக்கெட்டில் இரண்டு காப்பிக்கான பில் ஒன்று கிடைத்தது. கடையில் நாலு பேர் நிற்கும்போதே அதைத் தூக்கிப் பிடித்து, "ரெண்டாவது காப்பி யாருக்குடி?" என்று கேட்டேன். அது அவளோடு வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு. நான் நம்பவில்லை. ஆபீஸ் வாசல் வரை போய் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் சிட்டு, "இனிமே என் துணிய நானே தொவச்சுக்கறேம்மா" என்றாள். மூன்று மாதத்தில் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட்டுப் போய்விட்டாள். படிப்புக்கேற்ற வேலை கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மருந்துக்கடைக்காரர் ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா வேணும்?" என்றார். இருமல் மாத்திரை என்றேன். பழக்கத்தில் கறுப்புக் கார்டை நீட்டிவிட்டேன். அவர் மெஷினில் வைக்கப் போன நேரத்தில் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். தேய்த்திருந்தால் உன் பாக்கெட்டில் மணி அடித்திருக்கும், உன் வீட்டு எதிர்க் கடைப் பெயரோடு. சில்லறையாகக் கொடுத்தேன். அவர் என்னை என்ன நினைத்தாரோ.

படியேறவில்லை, தம்பி. ஏறியிருந்தால் என் வாயிலிருந்து முதலில் என்ன வந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "யாருடி அவன்?" எப்படி இருக்கிறாய் என்று வந்திருக்காது, சாப்பிட்டாயா என்று வந்திருக்காது. அந்தக் கேள்வி நாக்கில் உட்கார்ந்திருக்கிறவரை அவள் முன்னால் போய் நிற்க எனக்குத் தகுதி இல்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

உன் வீட்டுக்காரிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன் என்று தெரியவில்லை. உன்னைச் சந்தேகப்பட்டு எழுதிய கடிதங்களைக் கிழித்துவிடு. வேண்டாம், வைத்துக்கொள். எழுத்தில் இருக்கட்டும்.

இதை அவளிடம் காட்டுவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். நான் கேட்க மாட்டேன்.

அக்கா


ஜூலை 28

அக்காவுக்கு,

காட்டினேன். உன்னிடம் இனி எதையும் மறைக்கக் கூடாது என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சிட்டு அடுக்களையில் நின்றபடியே படித்தாள். பாதியில் முகம் சிவந்துவிட்டது. "வேவு பாக்க வந்துச்சா? எதுத்த கடைல ஒளிஞ்சு நின்னு பாத்துச்சா? இது மாறவே மாறாது மாமா!" என்று கத்தினாள். கடிதத்தை மேஜையில் வீசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் உன் பக்கம் பேசப் போனேன். இவள் என்னைத் தடுத்துவிட்டாள். "நீங்க சும்மா இருங்க. இன்னும் அவ முழுசா படிக்கல."

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. சிட்டு வந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். காலையில் டீ குடிக்கும்போது என்னைப் பார்க்காமல் கேட்டாள், "ஆறு மணி நேரமும் அம்மாவுக்கு ஒக்கார எடம் கெடச்சுதா?" எழுதவில்லை என்றேன். "அது எழுதாது" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் உன் பேச்சையே எடுக்கவில்லை.

அவள் உன்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுதினால் அது ஹோட்டல் கணக்குப் பொய் மாதிரி ஆகிவிடும். எனக்குத் தெரியாது. அவளுக்குமே தெரியுமா என்று தெரியவில்லை. நேற்று மட்டும் இவளிடம், "அம்மா வந்தா வரட்டும். யாருன்னு மட்டும் கேக்கக் கூடாது. நானா சொன்னா சொல்றேன், இல்லன்னா இல்ல" என்றிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. நான் உனக்கு எழுதுவேன் என்று தெரிந்தே இவளிடம் சொல்லியிருக்கிறாள்.

டிக்கெட்டைப் பற்றியும் ஒன்று சொல்லணும். அன்று உன் கணக்கைத் திறக்கும்போது எனக்குக் கை கூசியது உண்மை. ஆனால் நீ அவளைப் பார்ப்பதற்காகச் சேர்த்தது. ஆறு மணி நேரத்தில் நீ பார்க்கிற தூரத்துக்கு அவளைக் கொண்டுவந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் ஆபீஸில் இதைவிட நியாயமான கிளெய்ம் எதுவும் வந்ததில்லை. பதிவு செய்த மொபைலை உன் நம்பருக்கு மாற்றிவிட்டேன்.

இன்று காலையில் பிரசவத்துக்குப் பெயர் பதிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நாலு பக்கத்துக்கு ஒரு ஃபாரம். ஃபாரம் என்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, மளமளவென்று நிரப்பினேன். பிரசவ நேரத்தில் உடன் இருப்பவர் யார் என்று ஒரு கட்டம். அதில் இவள் பெயரை எழுதினேன். சிட்டு என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். அதைக் கோடு போட்டு அடித்தாள். இவளைப் பார்த்து, "தப்பா எடுத்துக்காதீங்க அத்தை" என்றாள். இவள் தலையை மட்டும் ஆட்டினாள். அடித்ததற்கு மேலே சிட்டு உன் பெயரை எழுதினாள், முழுப் பெயரையும், இனிஷியலோடு.

பக்கத்தில் "உறவு" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை எழுதாமலே ஃபாரத்தை என் பக்கம் தள்ளினாள்.

"இதையும் எழுதணும்மா, காலியா விட்டா வாங்க மாட்டாங்க" என்றேன்.

"தெரியும். அத அவங்களே வந்து எழுதட்டும்" என்றாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்குள் கொடுக்கணும் என்று கவுண்டரில் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி